பணம் புழங்கும் இடத்துக்கு என்ன உடுத்திப் போவது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், படிப்பை முடித்து வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஆற்றிய உரை. செய்திமடலுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



நம் செயலாளர் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் பேங்க், இன்சூரன்ஸ், ஆடிட்டர் ஆபீஸ்னு வேலைக்கு எழுதிப் போட்டிருக்காங்க. இன்டர்வியூவுக்கு என்ன போட்டுட்டுப் போறதுன்னு வீட்டுக்கு வீடு ஒரே குழப்பம். நீங்க பேங்க்ல இருந்தவர். அரை மணி நேரம் பேசுங்க." ஆடையைப் பற்றி அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அரை மணி நேரம் போதாது.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நம்மூரில் சொல்வார்கள். பணம் புழங்கும் தொழிலில் இதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. துணிக்கடையில் சேலை வாங்கினால், விரித்துப் பார்த்து, தடவிப் பார்த்து வாங்குகிறோம். வங்கியிலோ காப்பீட்டிலோ தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. ஒரு பெரியவர் தன் மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தைக் கவுன்ட்டருக்குள் நீட்டுகிறார். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை அவர் எதை வைத்து நம்புவது? வாசலில் உள்ள பெயர்ப்பலகையை வைத்தும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை வைத்தும்தான். கணக்குச் சரியாக இருக்கிறதா என்பது பிறகுதான் தெரியும். கசங்காத சட்டை, வெட்டிய நகம், ஒழுங்காக வாரிய தலை ஆகியவை அதற்கு முன்பே கண்ணில் படும். 'தன்னைக் கவனமாக வைத்துக்கொள்பவர், நம் பணத்தையும் கவனமாக வைத்திருப்பார்' என்று மனசு தானாக ஒரு முடிவுக்கு வருகிறது.

அந்த முடிவு எப்போதும் சரி என்று நான் சொல்லமாட்டேன். அதன் ஆபத்தைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். ஆனால் அப்படி ஒரு முடிவு எடுக்கப்படுகிறது என்பது உண்மை. ஆகவே இந்தத் தொழிலில் ஆடையின் வேலை ஒன்றுதான். எதிரே இருப்பவரின் கவனம் உங்கள் உடையில் நிற்காமல், அவருடைய காரியத்தில் நிற்க வேண்டும். உடை மிக மோசமாக இருந்தாலும் கவனம் அதில் நிற்கும். மிகப் பகட்டாக இருந்தாலும் அதில்தான் நிற்கும்.

வேட்டியா, பேன்ட்டா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுவிட்டீர்கள். "வேட்டி கட்டிப் போனால் மதிக்கமாட்டார்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

நாட்டின் நிதியமைச்சராகப் பலமுறை பட்ஜெட் படித்தவர் ப. சிதம்பரம். ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்தவர். நாடாளுமன்றத்தில் அவர் வரவு செலவுத் திட்டம் படித்தது வெள்ளை வேட்டி சட்டையில்தான். 1997-இல் அவர் படித்த பட்ஜெட்டை 'கனவு பட்ஜெட்' என்று பத்திரிகைகள் எழுதின. அவர் கோட்டுப் போடவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தது. உலகம் முழுக்கக் கடைகளும் கம்பெனிகளும் கணக்கு எழுதப் பயன்படுத்தும் மென்பொருளை விற்கும் நிறுவனம் அது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு வேட்டி சட்டையில் சைக்கிளில் போகிற படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேட்டிக்குச் சட்டமே துணை நிற்கிறது. 2014 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த டி. அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிப் போனார். கிளப் விதியைக் காட்டி அவரை உள்ளே விடவில்லை. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் கொதித்தது. அடுத்த மாதமே, ஆடையைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் நுழைவதைத் தடுப்பதற்கு எதிராகச் சட்டம் நிறைவேறியது. மன்றமோ, சங்கமோ, அறக்கட்டளையோ, நிறுவனமோ, வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரை இனி வாசலில் நிறுத்தக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சங்கம் என்ற சொல் அதில் இருப்பதை நம் சங்கத்தாரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையிலும், ஆண்களுக்குச் சட்டையுடன் பேன்ட் அல்லது வேட்டி என்றும், பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்றும் இருந்தது.

அப்படியானால் நாளை இன்டர்வியூவுக்கு வேட்டியிலேயே போகலாமா? இங்கேதான் நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் உங்களை உள்ளே விடச் சொல்கிறது. மதிப்பெண் போடச் சொல்லவில்லை. சிதம்பரத்துக்கும் வேம்புவுக்கும் அவர்கள் உள்ளே நுழையும் முன்பே அவர்களுடைய பெயர் நுழைந்துவிடுகிறது. உங்கள் பெயர் இன்னும் அந்த அறைக்குள் போகவில்லை. முதல் நாள் உங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது, கையில் இருக்கும் ஒரு விண்ணப்பத் தாள் மட்டுமே. முதல் நாள் வழக்கமான உடையில் போங்கள். வேலையில் பெயர் எடுத்த பிறகு, பொங்கலுக்கு முந்தின நாள் வேட்டியில் போய் நில்லுங்கள். அலுவலகமே உங்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும்.

கோட்டும் நம்முடையதுதான்

வேட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இன்னொரு பக்கத்தை மறந்துவிடக் கூடாது. நம் பகுதியில் ஆடை என்பது வெறும் துணியாக ஒருநாளும் இருந்ததில்லை. பக்கத்துச் செங்கோட்டை திருவிதாங்கூர் நாட்டோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர். அதே திருவிதாங்கூரின் தென்பகுதியில், மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று படித்திருப்பீர்கள். 1859-இல்தான் அரசு இறங்கி வந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையோடுதான் ஆணை வந்தது.

அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். அவர் சட்டமேதை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அடிப்படையில் பொருளாதாரம் படித்தவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டம் பெற்றவர். இந்திய ரூபாயின் மதிப்பைப் பற்றி 1923-இலேயே புத்தகம் எழுதியவர். ஊருக்கு ஊர் நிற்கும் அவர் சிலைகள் எல்லாம் கோட்டும் டையுமாகத்தான் நிற்கின்றன. எது உடுத்தலாம் என்று அடுத்தவர் விதித்த மக்களின் தலைவர் அப்படி உடுத்தியதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

ஆகவே, ஒரு வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளை டை கட்டி நிற்க ஆசைப்பட்டால், "வெள்ளைக்காரன் வேஷம் எதுக்கு?" என்று யாரும் கேட்காதீர்கள். வேட்டி கட்டுகிறவருக்கு வேட்டி கௌரவம். கோட்டுப் போடுகிறவருக்குக் கோட்டு கௌரவம்.

உலகமும் மாறித்தான் வருகிறது. நியூயார்க்கின் கோல்ட்மேன் சாக்ஸ், கோட்டு சூட்டுக்கே பேர் போன முதலீட்டு வங்கி. 2019 மார்ச்சில் அதுவும் தன் ஊழியர்களுக்கு உடை விதியைத் தளர்த்தியது. ஆனால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வாடிக்கையாளர் என்ன எதிர்பார்ப்பார் என்று யோசித்து உடுத்துங்கள் என்றார்கள். நான் முதலில் சொன்னதும் அதுதான்.

பீரோவில் என்ன இருக்க வேண்டும்?

இனி நடைமுறைக்கு வருகிறேன். பெற்றோர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தம்பிகளுக்கு: வெள்ளை அல்லது இளநீலத்தில் முழுக்கைச் சட்டை மூன்று. கறுப்பு அல்லது கருநீலப் பேன்ட் இரண்டு. கறுப்பு ஷூ ஒரு ஜோடி, அதே நிறத்தில் பெல்ட். பேன்ட் நிறத்தில் சாக்ஸ் மூன்று ஜோடி. இவ்வளவு இருந்தால் வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வரும்வரை ஓட்டிவிடலாம். டை, அவர்கள் கேட்டால் மட்டும். கோட்டு, பெரிய கம்பெனியோ வெளிநாட்டு வங்கியோ என்றால் மட்டும். தோளில் தொங்குகிற இரவல் கோட்டைவிட அளவாகத் தைத்த சட்டை பத்து மடங்கு மேல். விலை அதிகமான சட்டையைத் தேடி அலையாதீர்கள். சாதாரணச் சட்டையை வாங்கி, நம்மூர்த் தையல்காரரிடம் கொடுத்து, கை நீளத்தையும் இடுப்பையும் சரி செய்யுங்கள். அந்தச் சிறு கூலி சட்டையின் மதிப்பை இரண்டு மடங்காக்கிவிடும்.

தங்கைகளுக்கு: பருத்திச் சேலையோ, சல்வாரோ, சட்டை பேன்ட்டோ, எது உங்களுக்குப் பழக்கமோ அது. இன்டர்வியூ அன்றைக்கு முதன்முறையாகச் சேலை கட்டாதீர்கள். ஒரு மணி நேரம் மடிப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தால், கேள்வி காதில் விழாது. சேலைதான் என்று முடிவு செய்தால், ஒரு வாரம் முன்பே கட்டி, மாடிப்படி ஏறி இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் பின் குத்துங்கள். கை அசைத்துப் பேசும்போது சத்தம் போடுகிற வளையல் வேண்டாம். மல்லிகைப் பூ வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஏசி அறையில் நாலு முழம் பூவின் வாசனை, எதிரே இருப்பவருக்குத் தலைவலி தரலாம்.

சேலை வாங்கத் தூரத்துக்குப் போக வேண்டாம். வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து மாவட்டத்து நெசவு. இப்படி நம் பக்கத்துத் தறிச் சேலை ஒன்றை உடுத்திப் போனால், "இது எந்த ஊர்ச் சேலை?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்திருந்தால் அதுவே நல்ல பேச்சுத் தொடக்கம்.

இருவருக்கும் பொது: நகம், தலைமுடி, வியர்வை நாற்றம், வாய் நாற்றம். இந்த நான்கும் சரியில்லை என்றால் சட்டை எவ்வளவு விலை என்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். சென்ட் அடிப்பதாக இருந்தால் லேசாக. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் பாட்டிமார் சொன்னது. இந்தத் தலைப்பில் எத்தனை புத்தகம் வாங்கிப் படித்தாலும் சாரம் இதுதான்.

சாரல் காலமும் ராத்திரி ரயிலும்

சென்னையில் எழுதுகிற ஆலோசனைகளில் வராத இரண்டு விஷயம் நமக்கு உண்டு. ஒன்று சாரல், இன்னொன்று ராத்திரி ரயில்.

ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு ஊரே குளிக்கப் போகும். நம் வீட்டுக் கொடியில் சட்டை இரண்டு நாளானாலும் காயாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் முடை நாற்றம் பிடிக்கும். தேய்த்தாலும் போகாது. அந்த இரண்டு மாதமும் ஒரு ஜோடியைத் தனியாக, நன்றாகக் காய்ந்த நிலையில் பீரோவில் எடுத்து வைத்துவிடுங்கள். அவசர அழைப்பு வந்தால் அது கை கொடுக்கும். தோல் ஷூவில் பூஞ்சணம் பூக்கும். உள்ளே பழைய தினத்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தென்காசிக்கோ சுரண்டைக்கோ வண்டியில் போகிறவர்கள், மழைக்கோட்டு இருந்தாலும் பேன்ட்டின் கீழ்ப்பகுதி நனைந்துவிடும். ஷூவையும் சாக்ஸையும் பையில் வைத்துக்கொண்டு, செருப்பில் போய், அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். நம்மூர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒரு நிமிடம் கண்ணாடி முன் நில்லுங்கள். வண்டிக் கண்ணாடியே போதும்.

அடுத்தது ரயில். சென்னையில் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ என்றால் நம் பிள்ளைகள் பொதிகை எக்ஸ்பிரஸில் போய் இறங்குவார்கள். சென்னைப் பிள்ளை வீட்டில் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு வருவான். நம் பிள்ளை ராத்திரி முழுக்க மேல் பெர்த்தில் புரண்டுவிட்டு வருவான். ஆகவே இன்டர்வியூ உடையை உடுத்திக்கொண்டு ரயில் ஏறாதீர்கள். சட்டையைக் காலர் மேலே தெரியும்படி மடித்து, நடுவில் ஒரு அட்டை வைத்து, பையில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். சான்றிதழ்கள் தனி உறையில். போய் இறங்கியதும் சொந்தக்காரர் வீட்டுக்கோ, ரயில் நிலையக் காத்திருப்பு அறைக்கோ போய்க் குளித்து, சவரம் செய்து, அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு அந்த வாசலில் இருங்கள். வியர்வை அடங்க அரை மணி நேரம் வேண்டும்.

இப்போது சில கம்பெனிகள் வீடியோவில் இன்டர்வியூ வைக்கின்றன. மேலே சட்டை, கீழே லுங்கி என்று உட்காராதீர்கள். நடுவில் கரன்ட் போனால், ஸ்விட்ச் போட எழுந்தால் மானம் போய்விடும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை வேண்டாம். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல், முகம் காட்டி உட்காருங்கள்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பொதுத்துறை வங்கிகளில் அதிகாரி வேலைக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில், முதன்மைத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் 80-க்கு 20 என்ற விகிதத்தில்தான் இறுதி மதிப்பெண் போடுகிறார்கள். எழுத்தர் வேலைக்கு நேர்காணலே கிடையாது. ஆக, நூற்றுக்கு எண்பது பங்கு உங்கள் படிப்பில் இருக்கிறது. மிச்சம் இருபதிலும் பேச்சும் அறிவும் போக, ஆடைக்கு என்று தனி மதிப்பெண் இல்லை. கோட்டு வாங்கக் கடன் கேட்கிற வீட்டில் நான் சொல்வது: அந்தப் பணத்தில் பிள்ளைக்கு மாதிரித் தேர்வுக்குக் கட்டணம் கட்டுங்கள்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

வேலை கிடைத்து நீங்கள் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி நீங்கள் அடுத்தவரின் உடையைப் பார்க்கிற இடத்தில் இருக்கிறீர்கள்.

நம் சுந்தரபாண்டியபுரத்துக்கு சூரியகாந்தி பூத்ததும் கார் கார்களாக வந்து இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பூவைப் பயிர் செய்தவர் எப்படி வங்கிக்கு வருவார்? காலில் வயல் மண்ணோடும், மடித்துக் கட்டிய வேட்டியோடும்தான் வருவார். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், நகைக்கடனுக்கு வட்டி கட்டக் கடைசி நாள் என்பதால் ஓடி வந்திருப்பார். அவரை நிற்க வைத்துவிட்டு, பின்னால் வந்த பேன்ட் சட்டைக்காரரை "வாங்க சார், உக்காருங்க" என்பது எங்கெல்லாமோ நடக்கிறது. நான் பணியில் இருந்த காலத்திலும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மண் ஒட்டிய காலின் சொந்தக்காரர் பெயரில் இருந்த வைப்புத்தொகையை, அன்று உட்கார வைக்கப்பட்டவர் ஒரு வாழ்நாளில் சேர்த்திருக்கமாட்டார். அவர் பெயரில் பத்து ரூபாய் மட்டும் இருந்திருந்தாலும், முதலில் வந்தவர் அவர்தான்.

ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. அதில் முதல் உரிமையே நியாயமாக நடத்தப்படும் உரிமைதான். நீங்கள் நேர்த்தியாக உடுத்துவது அவருக்குக் காட்டும் மரியாதைக்காக. அவரைத் தாழ்வாக நினைக்க வைப்பதற்காக இல்லை. உங்கள் சட்டையைப் பார்த்து ஒரு பாட்டி படிவம் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டால், அந்தச் சட்டை எவ்வளவு நல்ல சட்டையாக இருந்தாலும் தன் வேலையைச் செய்யவில்லை.

உடையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

இது பெரியவர்களுக்கு. கடைசியில் பேசுகிறேன் என்று சொன்ன ஆபத்து இதுதான்.

நல்ல உடை நம்பிக்கை தருகிறது என்று நமக்குத் தெரியும். ஏமாற்றுகிறவனுக்கும் அது தெரியும். அதனால் நம்மில் யாரைவிடவும் அழகாக அவன்தான் உடுத்தி வருவான். டை, அடையாள அட்டை, தோல் பை, பளபளப்பான விளம்பரத் தாள். "மாதம் இவ்வளவு வட்டி நிச்சயம்" என்பான். இன்னொருவன் வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு வருவான். "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், போனை வைக்கக் கூடாது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்பான். டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. அந்த உடுப்பு மட்டும்தான் அவனுடைய முதலீடு.

ஆகவே ஆளின் உடையைப் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். டெபாசிட் வாங்குகிற கம்பெனி முறையாகப் பதிவு பெற்றதா என்று பார்க்க ரிசர்வ் வங்கி 2016-இல் தொடங்கிய 'சசேத்' இணையதளம் இருக்கிறது. முதலீட்டு ஆலோசகர் என்றால் செபியில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வங்கியில் போடும் பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. டை கட்டியவர் வீட்டு வாசலில் வாங்கிப்போகும் பணத்துக்கு எந்தக் காப்பீடும் இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

பிள்ளைகளே, நீங்கள் நேர்த்தியாக உடுத்தி உட்காரும்போது, மக்கள் வைக்கும் அதே நம்பிக்கையைத்தான் அவனும் திருடுகிறான். அதனால்தான் உங்களுக்குப் பொறுப்பு இரண்டு மடங்கு. சட்டை ஒரு வாக்குக் கொடுக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டியது நீங்கள்.

நம் குடியிருப்புக்கு இரண்டு வேண்டுகோள்

முதல் வேண்டுகோள். வேலைக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள் பேன்ட்டும் கோட்டுமாக மாலை இருட்டிய பிறகு திரும்பி வரும்போது, லிஃப்டில் தலை முதல் கால் வரை பார்த்து, "என்னம்மா, இப்பல்லாம் இப்படித்தான் உடுத்தணுமா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை காலையிலிருந்து எத்தனை பேருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறதோ. "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள், போதும்.

இரண்டாவது. நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தடவை போட்ட கோட்டு ஒன்று, கல்யாணத்தோடு பீரோவுக்குள் போனது, தொங்கிக்கொண்டிருக்கிறது. அளவு மாறிப்போன சட்டைகள், ஓரிரு முறை மட்டும் போட்ட ஷூ, நல்ல கைப்பை எல்லாம் இருக்கின்றன. சங்க அறையில் ஒரு பீரோவை ஒதுக்குவோம். துவைத்து, தேய்த்து, அளவு எழுதிக் கொண்டுவந்து வையுங்கள். இன்டர்வியூ இருக்கிற பிள்ளை யாராக இருந்தாலும் எடுத்துப் போகட்டும், முடிந்ததும் துவைத்துத் திரும்ப வைக்கட்டும். நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்க வேண்டாம். நம் வீடுகளில் வேலை செய்கிற அம்மாக்களின் பிள்ளைகளும், வாசலில் நிற்கிற காவலாளியின் மகனும் பி.காம். படிக்கிறார்கள். யார் எடுத்தார்கள் என்று நோட்டில் பெயர் எழுதச் சொல்ல வேண்டாம், எண் மட்டும் போட்டால் போதும். இரவல் வாங்கினோம் என்ற கூச்சம் அந்தப் பிள்ளையோடு அந்த அறைக்குள் போகக் கூடாது.

முதல் கோட்டு என்னுடையது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை தேய்த்துக் கொண்டுவந்து வைக்கிறேன். அளவு நாற்பது. தம்பிகள் போட்டுப் பாருங்கள்.